மறிக்கிறவன்

அந்தப் பருவம் முழுவதற்கும் தம்பி அடித்தது ஒரேயொரு கோல். அதையும் நாங்கள் பார்க்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து, எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த கிழமையில்தான் அது விழுந்தது.

தம்பி என்று நான் சொல்வது என் அக்காவின் மகனை, என் பெறாமகனை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான், அதனால் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே எழுதுகிறேன். அந்தப் பருவத்தில் வயது 17. கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே, ஒரு சின்ன ஊரின் ஜூனியர் ஐஸ் ஹொக்கி அணியில் பின்வரிசையில் ஆடினான். நான் இருப்பது முள்ளியவளையில். செப்டெம்பரிலிருந்து பங்குனி வரைக்கும் நானும் அம்மாவும் அவனுடைய ஆட்டங்களை ஒரு கைத்தொலைபேசியில், விடியப்புறத்தில் பார்த்தோம்.

ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். கடையில், கோயிலடியில், வயல் வரம்பில் என்று எங்கே கண்டாலும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "அக்கான்ர பெடியன் எத்தனை கோல் அடிச்சவன்?" ஒன்று என்று சொன்னால், "பரவாயில்லை, அடுத்த வருசம் அடிப்பான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆறுதல் சொல்லும்படி அங்கே எதுவும் நடக்கவில்லை. அவன் என்ன செய்தான் என்பதை இன்றைக்கு விரிவாக எழுதப் போகிறேன்.

அக்கா 2004இல் கலியாணமாகிக் கனடா போனா. சமாதான காலம், பாதை திறந்திருந்தது. தம்பி 2007இல் பிறந்தான். அதன்பிறகு எங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2009இல் முள்ளிவாய்க்கால் வழியாக வெளியே வந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அவனுடைய படத்தை நாங்கள் முதன்முதலாகக் கையில் வைத்துப் பார்த்தது 2010இல், முகாமை விட்டு வந்த பிறகு. மூன்று வயதுப் பிள்ளை, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ஐஸ் தரையில் ஒரு பிளாஸ்ரிக் சட்டத்தைப் பிடித்தபடி நிற்கிறான். கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன.

அம்மா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஏன் பிள்ளையை ஐஸுக்கு மேல விட்டிருக்கினம்?" என்று கேட்டா.

எங்கள் வீட்டில் ஐஸ் என்றால் மீன். அப்பா முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து அனுப்புகிற தொழில் செய்தவர். ஐஸ் தொழிற்சாலையில் தகர அச்சுகளில் நன்னீரை விட்டு, அந்த அச்சுகளை உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். அம்மோனியா அந்த உப்புத்தண்ணீரைக் குளிராக்கும், உப்புத்தண்ணீர் அச்சுக்குள் இருக்கிற தண்ணீரைக் கட்டியாக்கும். அப்படி வந்த கட்டியை உடைத்து, ரெஜிபோம் பெட்டியில் மீனுக்கு மேலும் கீழும் போடுவோம். சின்ன வயதில் அதைக் கொட்டனால் உடைக்கிற வேலை எனக்கும் அக்காவுக்கும். விரல் நுனி வெள்ளையாகி, பிறகு சிவந்து எரியும். பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன், அங்கே பல அரீனாக்களில் ஆட்டத் தளம் உறைவதும் இதே முறையில்தான் என்று. கொங்கிறீற் தரைக்குள் குழாய் ஓடுகிறது, குழாய்க்குள் உப்புக்கரைசல், அதைக் குளிராக்க அம்மோனியா. மேலே ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தடிப்பில் ஐஸ். நீளம் 200 அடி, அகலம் 85 அடி. அப்பா இருந்திருந்தால் அந்த இயந்திர அறையைத்தான் முதலில் பார்க்கக் கேட்டிருப்பார்.

ஜூனியர் ஹொக்கி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஒரு சாவுச் செய்தியில்.

2018 ஏப்ரல் 6. சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் புரோங்கோஸ் என்ற ஜூனியர் அணி ஆட்டமொன்றுக்குப் போய்க்கொண்டிருந்த பஸ், ஒரு சந்தியில் பெரிய லொறியோடு மோதியது. பஸ்ஸில் இருந்தவர்கள் 29 பேர். 16 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் இருபது வயதைச் சுற்றியிருந்த பெடியங்கள். அக்கா அன்றைக்கு எடுத்து ஒன்றுமே கதைக்கவில்லை, அழுதுகொண்டேயிருந்தா. நாங்கள் பயந்துபோனோம், அத்தானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தோம். பிறகு ஒரு படம் அனுப்பினா. அவர்களுடைய வீட்டு வாசலில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு ஹொக்கி மட்டை சாத்தி வைக்கப்பட்டிருந்தது. மேலே வாசல் விளக்கு எரிகிறது. நாடு முழுவதும் ஆட்கள் அப்படித் தங்கள் வாசலில் மட்டை வைத்தார்கள். பஸ்ஸில் போன பிள்ளைகளுக்கு அங்கே தேவைப்படலாம் என்று.

அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. எழும்பிப் போய், எங்கள் வாசலிலும் ஒரு விளக்குக் கொளுத்தி வைத்தா. அது சின்ன மட்டை, பதினொரு வயதுப் பிள்ளையின் மட்டை. அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது.

அந்த ஆடி மாதம் அவர்கள் இங்கே வந்தார்கள். தம்பி அம்மம்மா வீட்டைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மட்டையையும் துணியால் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். முற்றத்து மணலில் பந்து ஓடாது. ஒரு நாள் முழுக்கச் சுற்றித் திரிந்து, கடைசியில் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தைக் கண்டுபிடித்தான். நெல்லறைச் சுவரில் கரியால் இரண்டு கோடு கீறினான், அதுதான் கோல். எங்கள் ஒழுங்கைப் பெடியங்கள் ஆறேழு பேர் தடியும் மட்டைச் சிராம்பும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாரும் கோல் அடிக்க ஓடினார்கள். இவன் மட்டும் சுவருக்கு முன்னால், முதுகை வளைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருத்தனையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் அதைக் கவனித்ததாகச் சொல்ல மாட்டேன். இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

அடுத்த ஐந்தாறு வருடத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதிகாலைப் பயிற்சிகள், வருடத்துக்குப் பல ஆயிரம் டொலர் செலவு, அத்தானின் இரவு வேலை, அக்கா காருக்குள்ளேயே சாப்பிட்ட இரவுச் சாப்பாடுகள். 2023இல் ஓ.எச்.எல் எனப்படும் ஒன்ராறியோவின் மேல்மட்ட ஜூனியர் லீக்கின் ஆட்டக்காரர் தெரிவு நடந்தது. 20 அணிகள், 15 சுற்றுகள். இவன் பெயர் வரவில்லை. அடுத்த வருடம் அதற்கு ஒரு படி கீழே, ஜூனியர் ஏ மட்டத்தில் ஆடுகிற நோர்தேர்ன் ஒன்ராறியோ ஜூனியர் ஹொக்கி லீக்கின் ஓர் அணி அவனைக் கேட்டது. அணியின் பெயரையும் விடுகிறேன்.

அதற்காக வீட்டை விட்டுப் போனான். ஜூனியர் ஹொக்கியில் அது வழமை. அணி இருக்கிற ஊரில் ஒரு குடும்பம் ஆட்டக்காரனைத் தங்கள் வீட்டில் வைத்திருக்கும். பில்லெட் குடும்பம் என்பார்கள். சாப்பாடு, படுக்கை, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கிருந்துதான். பதினேழு வயதில் பிள்ளையை இன்னொருவர் வீட்டில் விடுவது என்றதும் அம்மாவுக்குச் சரியான கோபம். "நாங்கள்தான் வழியில்லாமல் ஊரூராய் ஆற்றையோ வீட்டில கிடந்தனாங்கள். அவனுக்கு என்ன வந்தது?" அக்கா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மாவின் தொலைபேசி இலக்கத்தை அனுப்பினா. எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. வீடியோவில் இருவரும் ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். அவ தன் குசினி அலுமாரியைத் திறந்து, அக்கா வைத்துவிட்டுப் போயிருந்த கறித்தூள் போத்தலை எடுத்துக் காட்டினா. அம்மாவின் கையால் வறுத்து இடித்த தூள் அது. அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையை எடுக்கவில்லை.

செப்டெம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. எங்களுக்குக் காலபோகத்துக்கு வயலைத் தயார் பண்ணுகிற நேரம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, இரண்டும் பங்குனியில் முடியும். அதனால் எங்கள் வீட்டில் அவனுடைய சீசனுக்கும் போகம் என்றே பெயர். "இந்தப் போகம் எத்தனை ஆட்டம்?" ஐம்பதுக்கு மேல்.

அங்கே வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணி ஆட்டம் என்றால், எங்களுக்குச் சனிக்கிழமை விடிய நாலரை. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்தரையானது. நேரலை பார்க்கக் காசு கட்ட வேண்டும், அக்கா கட்டி எங்களுக்கும் வழி செய்து தந்தா. அம்மா நாலு மணிக்கே எழும்பி, முகம் கழுவி, திருநீறு பூசி, தேத்தண்ணி வைத்து, தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு என்னை எழுப்புவா.

முதல் கிழமை ஒன்றும் விளங்கவில்லை. கறுப்பு வட்டு எங்கே என்றே கண்ணுக்குத் தெரியாது. பக் என்பது மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு, 170 கிராம் அளவு இறப்பர். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன் அதையும் உறைய வைப்பார்கள். எங்களுடைய சின்னத் திரையில் அது ஓர் எறும்பு. அறிவிப்பாளருக்கோ எங்கள் ஆளின் பெயர் வாயில் வரவில்லை. அத்தானின் அப்பாவுடைய முழுப்பெயர், ஒரு தோளிலிருந்து மற்றத் தோள் வரைக்கும் வளைந்து எழுதியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார். தைப்பொங்கல் வந்தபோது சரியாகச் சொன்னார், ழகரம் மட்டும் இல்லை.

ஆட்டத்தை எங்களுக்குத் திறந்துவிட்டது அம்மாதான். ஒரு நாள் திடீரென்று சொன்னா, "இது கிளித்தட்டு."

எங்கள் பக்கத்துக் கிளித்தட்டில், கீறின கோடுகளில் ஒவ்வொன்றிலும் ஒருத்தர் மறித்து நிற்பார். மற்றப் பக்கத்தார் அந்தக் கோடுகளைக் கடந்து போய்த் திரும்பி வர வேண்டும். அம்மா இளமையில் நல்ல மறிகாரி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "ஓடுறவனைத்தான் எல்லாரும் பாப்பினம். மறிக்கிறவன் கோட்டை விட்டு ஒரு அடி அசைஞ்சா ஆட்டம் போச்சு. தம்பி மறிக்கிறவன். அங்க பார், அவன் பின்னாலதான் போறான், எண்டாலும் முகம் முன்னுக்கு."

உண்மைதான். பின்வரிசை ஆட்டக்காரன் எதிராளி வரும்போது பின்னோக்கியே சறுக்கிக்கொண்டு போவான். எதிராளியின் நெஞ்சைப் பார்ப்பான், பக்கைப் பார்க்க மாட்டான். கையும் பக்கும் ஏமாற்றும், நெஞ்சு ஏமாற்றாது என்று தம்பி எனக்குச் சொல்லித் தந்தான். ஒரு கை மட்டையை நீட்டி ஐஸில் படுக்கவைத்து, பக் நடுவுக்குப் போகிற வழியை அடைத்து, வருகிறவனை மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் ஒதுக்குவான். அங்கே தள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இவ்வளவும் நாற்பது, ஐம்பது விநாடிக்குள். ஒரு ஷிப்ட் அவ்வளவுதான். அதற்குமேல் கால் தாங்காது, வாங்குக்கு ஓடி அடுத்தவனை இறக்கிவிட வேண்டும். அறுபது நிமிட ஆட்டத்தில் தம்பிக்குக் கிடைப்பது எல்லாம் சேர்த்துப் பதினான்கு, பதினைந்து நிமிடம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை. அப்போது பெரிய வண்டி ஒன்று வந்து தளத்தைச் செப்பனிடும். சம்போனி. பிராங்க் சம்போனி என்பவர் 1949இல் கலிபோர்னியாவில் செய்தது, அவர் பெயரே வண்டிக்குப் பெயராகிவிட்டது. கத்தி மேற்பரப்பைச் சீவும், பின்னால் ஒரு துணி சுடுதண்ணீரை மெல்லிசாகப் பூசிக்கொண்டு போகும். சுடுதண்ணீர் பழைய ஐஸைச் சற்று இளக்கி அதோடு ஒட்டிப் பிடிக்கும். இவர், என் கணவர், வயலுக்குப் போக வெளிக்கிட்டவர் நின்று பார்த்து, "பலகை அடிக்கிறான்" என்றார். சேற்றைப் பலகையால் மட்டப்படுத்துகிறபோது மூலை மடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு இடைவேளை என்றால் அவரும் வந்து குந்துவார்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஓர் ஆட்டம். எங்கள் அணியில் ஒருத்தன் இரண்டு நிமிடப் பெனால்டியில் வெளியே இருக்கிறான். ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர். அந்த நான்கு பேரில் தம்பி ஒருத்தன். எதிரணியில் ஒருத்தன் எங்கள் பகுதிக்கு எல்லையான நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கினான். தம்பி அவனுக்கு நேரே ஒரு முழங்காலை ஐஸில் ஊன்றி, உடம்பைச் சுவராக்கினான். ஒரு சத்தம், கொப்பரா மூட்டையில் உலக்கை விழுந்த மாதிரி. பக் அவனுடைய கணுக்காலில் பட்டிருக்கிறது. ஜூனியர் மட்டத்திலேயே அது மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டி வரும். எழும்பப் பார்த்தான், முடியவில்லை. மட்டை ஒரு பக்கம் போய்விட்டது. வாங்குக்குப் போகவும் வழியில்லை, பக் இன்னும் எங்கள் பக்கத்தில்தான் சுற்றுகிறது. ஒரு காலில் நின்றுகொண்டு, வெறுங்கையோடு, மறுபடியும் அதே இடத்தில் போய் மறித்தான். இரண்டாவது தடவை நெஞ்சில் வாங்கினான். அது உருண்டு வர, கூட நின்றவன் எடுத்து மறு முனைக்கு அடித்துவிட்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். டக், டக், டக். வாங்கில் இருந்த பெடியங்கள் எல்லாரும் மட்டையால் முன்னாலிருந்த பலகையைத் தட்டுகிறார்கள். தம்பி நொண்டி நொண்டி வாங்குக்கு வந்து சேரும்வரை தட்டினார்கள். "ஏன் தட்டினம்?" என்று அம்மா கேட்டா. எனக்கும் தெரியாது. அன்றைக்குப் பின்னேரம் அக்கா சொன்னா: பக்கை உடம்பால் மறித்தவனுக்குத் தோழர்கள் செய்கிற மரியாதை அது. கைதட்டல் ஆட்டம் பார்க்க வந்தவர்களுடையது, மட்டைத் தட்டு தோழர்களுடையது.

லீக்கின் புள்ளி விவரப் பக்கத்தில் அவன் பெயருக்கு நேரே கோல் இருக்கிறது, கோலுக்குப் பக்கை எடுத்துக் கொடுத்த அசிஸ்ட் இருக்கிறது, பெனால்டி நிமிடம் இருக்கிறது. உடம்பால் மறித்ததற்கு அங்கே ஓர் இடமும் இல்லை. அன்றைக்கு நான் நெல் கணக்கு எழுதுகிற சீஆர் கொப்பியை எடுத்து, பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். திகதி. மறித்தது எத்தனை. எங்கே பட்டது. முன்பக்கத்தில் விதைநெல், யூரியா, உழவு கூலி. பின்பக்கத்தில் தம்பி. அம்மாதான் எண்ணுவா, நான் எழுதுவேன். கண் மங்கலென்றாலும் காது நல்ல காது, மட்டைத் தட்டைக் கேட்டதும் "போடு ஒண்டு" என்பா.

நவம்பர் முதல் கிழமையில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அதுவரை ஓ.எச்.எல் போன்ற மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல் பிரிவு அணிகளில் ஆட முடியாது. மாதக் கைச்செலவு வாங்குவதாலும், தொழில்முறை ஒப்பந்தம் உள்ளவர்களோடு சேர்ந்து ஆடுவதாலும் அவர்களையும் தொழில்முறை ஆட்டக்காரராகவே கணக்கெடுத்தார்கள். 2025 ஓகஸ்டிலிருந்து அந்தத் தடை இல்லை என்று முடிவாகிவிட்டது. மேலே இருக்கிறவர்களுக்கு நல்ல செய்தி. ஜூனியர் ஏ பிள்ளைகளுக்கு, அதே இடத்துக்குப் போட்டி கூடிவிட்டது. புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புச் செலவு குறையும் என்று பத்து வருடமாகக் கணக்குப் போட்டுவந்த அக்கா அன்றைக்கு நீண்ட நேரம் கதைத்தா. தம்பிக்கு அது பெரிதாக உறைத்ததாகத் தெரியவில்லை. அன்றிரவும் ஆட்டம் இருந்தது.

அதே மாதக் கடைசியில் வெள்ளம். வடக்கு கிழக்கு முழுக்க மழை கொட்டியது, உயர்தரப் பரீட்சையைக்கூட ஒத்திவைத்தார்கள். தண்ணிமுறிப்புப் பக்கம் இருக்கிற எங்கள் வயலில் வரம்பு இரண்டு இடத்தில் உடைத்து, ஒரு மாதப் பயிர் தண்ணிக்குள் போய்விட்டது. இவரும் பக்கத்து வயல்காரரும் இரவிரவாக நெஞ்சளவு தண்ணியில் நின்று மண்மூட்டை அடுக்கினார்கள். தொலைபேசி செத்துப்போய்விட்டது. மூன்றாம் நாள் லாண்ட்மாஸ்டர் பற்றரியில் சார்ஜ் ஏற்றித் திறந்தபோது, அக்காவின் குரல் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. முதலாவது, "எல்லாரும் இருக்கிறியளோ?" இரண்டாவதும் மூன்றாவதும் அதுவே. நாலாவது, "தம்பி கோல் அடிச்சிட்டான்!" ஐந்தாவது மறுபடியும், "எல்லாரும் இருக்கிறியளோ?"

கோலைப் பிறகு பார்த்தோம், பன்னிரண்டு விநாடித் துண்டு. நீலக் கோட்டிலிருந்து அடித்தான், யாருடைய காலிலோ பட்டுத் திரும்பி உள்ளே போனது. அம்மா இரண்டு தரம் பார்த்துவிட்டு, "வயல் என்ன மாதிரி எண்டு தம்பி கேட்டவனாம், சொன்னனியோ?" என்று கேட்டா.

டிசெம்பரில் ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பெடியன் ஒருத்தன் இவனுடைய நிறத்தைச் சொல்லிப் பேசினானாம். தம்பி எங்களுக்குச் சொல்லவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. பில்லெட் வீட்டு அம்மாதான் அக்காவை எடுத்துச் சொன்னா, சொல்லும்போது அழுதாவாம். அடுத்த ஷிப்டில் இவனுடைய அணித்தோழர்கள் அவனோடு சண்டைக்குப் போகப் பார்க்க, இவன்தான் இழுத்துப் பிடித்தான். பெனால்டி வாங்கினால் நான்கு பேராய் நிற்க வேண்டிவரும், அதில் தானும் நிற்க வேண்டும் என்பது அவன் சொன்ன காரணம். எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அவனுடைய தலையை ஒருமுறை தடவிவிட வேண்டும்போல் இருந்தது.

ஜனவரியில் ஆட்டங்களுக்கு இடையில் பாதைதான் அவனுடைய வாழ்க்கை. லீக்கின் ஊர்கள் ஒன்றுக்கொன்று தூரம். ஹேர்ஸ்டிலிருந்து சட்பெரிக்குச் சுமார் 550 கிலோமீற்றர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் எங்கள் ஏ9 முழுவதுமே 320 அளவில்தான். வெளியே மைனஸ் முப்பது. இரு பக்கமும் காடு. ஒருநாள் பாதையில் மூஸ் என்கிற பெரிய மான் நின்றதால் பஸ் கால் மணித்தியாலம் நின்றது என்று படம் அனுப்பினான். அதே கிழமை இவர் ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் யானைக்காக நின்ற படத்தை நான் அனுப்பினேன். பஸ் ஓடுகிற இரவுகளில் அக்கா நித்திரை கொள்வதில்லை. ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை, வாசலில் சாத்தி வைத்த மட்டை எங்களுக்கும் ஞாபகம்தான். ஐஸில் இறங்கினால் இன்னொரு பயம். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெபீல்டில், அடம் ஜோன்சன் என்ற வீரர் கழுத்தில் ஸ்கேட் வெட்டி இறந்துபோனார். தம்பி கழுத்துக்காப்பு இல்லாமல் இறங்குவதில்லை. அக்கா ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் பார்ப்பது அதைத்தான், இப்போது நானும்.

அந்த மாதக் கடைசியில் இடது கைச் சின்னவிரல் உடைந்தது. மறிக்கப் போய்த்தான். நாலு கிழமை ஆடவில்லை. அந்த நாலு கிழமையும் அம்மா ஆட்டத்தைப் போடச் சொன்னா. "அவன் இல்லாட்டி மற்றப் பிள்ளையள் ஆடேல்லையோ?" கொப்பியில் அந்தப் பக்கங்களில் மற்றப் பிள்ளைகளின் இலக்கங்கள் இருக்கின்றன. எண் 4, இரண்டு. எண் 22, ஒன்று, முகத்தில்.

மாசிக் கடைசியில் நெல் வெட்டினோம். வெள்ளத்தில் போனது போக, பாதிக்குக் கொஞ்சம் கூட வந்தது. தம்பி விரலில் பட்டி போட்டுக்கொண்டு திரும்ப இறங்கினான். பங்குனியில் பிளேஓப், தோற்றால் வெளியேறுகிற சுற்று. ஏழு ஆட்டத் தொடர், முதலில் நாலு வெல்கிறவர்களுக்கு. எங்கள் அணி எட்டாம் இடத்துக்குக் கிட்ட நின்ற அணி, எதிரணி மேலே நின்ற அணி. நாலையும் தோற்று, நாலு ஆட்டத்திலேயே முடிந்துவிட்டது. கடைசி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஆளுக்காள் கைகொடுத்தார்கள். வாங்குக்குத் திரும்பிய பிறகும் தம்பி தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. ஜூனியர் வயதெல்லையைத் தொட்டுவிட்ட இருபது வயதுப் பெடியங்கள் மூன்று பேருக்கு அதுதான் கடைசி ஜூனியர் ஆட்டம், அவர்களில் ஒருத்தன் முகத்தை மூடிக்கொண்டு ஐஸிலேயே குந்தியிருந்தான். நேரலை அத்தோடு நின்றுவிட்டது.

அன்றைக்குப் பத்தரை மணியிருக்கும், நாங்கள் தளத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். தம்பி எடுத்தான். அவர்களுக்கு இரவு ஒரு மணி, பஸ் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இருட்டில் முகம் அரைவாசிதான் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன், பீட்சா என்றான். அதற்குப் பிறகு இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவன்தான், "நெல்லைக் காட்டுங்கோ சித்தி" என்றான். காட்டினேன். சுவரில் அவன் கீறின கரிக்கோட்டில் ஒன்று இன்னும் மங்கலாக இருந்தது, அதையும் காட்டினேன்.

அம்மா கால்களால் நெல்லைத் துழாவிக்கொண்டே வந்து, தொலைபேசிக்குள் முகத்தைக் கொண்டுபோய், "உன்ர சித்தி கொப்பியில எல்லாம் எழுதி வச்சிருக்கிறாள்" என்றா.

"என்ன கொப்பி?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. பிறகு போய் எடுத்து வந்தேன். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். இருட்டில் அவனுக்குத் தெரியவில்லை, வாசிக்கச் சொன்னான்.

"ஒக்டோபர் 12. இரண்டு. கணுக்கால், நெஞ்சு."

"ஓம்," என்றான். "கணுக்கால் ஒரு கிழமை கறுத்திருந்தது."

"ஒக்டோபர் 19. ஒன்று. முழங்கால்."

"அது முழங்கால் இல்லை சித்தி. மட்டையில பட்டுத் திரும்பினது."

"வெட்டட்டோ?"

"வெட்டுங்கோ."

வெட்டினேன். அடுத்ததை வாசித்தேன். பக்கத்து ஆசனத்தில் இருந்த பெடியனுக்கு அவன் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. அம்மா வெயிலில் நின்று, எங்கேயாவது நான் ஒன்றை விட்டுவிடுவேனோ என்று கவனித்துக்கொண்டிருந்தா. நவம்பரில் எழுதாமல் விட்ட மூன்று நாளுக்கு அவனே எண்ணிக்கை சொன்னான், ஓரத்தில் எழுதிக்கொண்டேன். ஜனவரிப் பக்கம் வந்தபோது பஸ் நின்றது, ஆட்கள் எழும்புகிற சத்தம் கேட்டது.

"மிச்சத்தை நாளைக்கு வாசியுங்கோ சித்தி," என்றான்.